போர் மோட்டார் வசூல்: பணம் அனுப்பும் முன் பேனல் பெட்டியைப் பாருங்கள்

(வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களின் குழுவில் நடந்த பேச்சு)

மேலவீடு, தோஹா:
எல்லாருக்கும் வணக்கம். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்த அத்தை ரொம்ப வருத்தப்பட்டுச் சொன்னாங்க. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை, வண்டித் தண்ணீர் குடம் 15 ரூபாய். போர் மோட்டார் மறுபடி எரிந்துவிட்டது. புது ஏழரை எச்.பி. மோட்டார், கேபிள், இறக்குகூலி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். தலைக்கு 5,000 போட்டால் முடிந்தது. பக்கத்து ஊர்க்காரன் முன்னால் நம் பெண்கள் குடத்தோடு நிற்கக் கூடாது.

கீழவீடு, சிங்கப்பூர்:
மாப்பிள்ளை, காரணத்தைச் சரிபண்ணாமல் வாங்கினால் இதுவும் அடுத்த கோடையில் எரியும். ஊரிலிருந்து தம்பி அனுப்பிய பேனல் பெட்டி (மோட்டார் ஸ்விட்ச் பெட்டி) போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரண்ட் அளவுக்கு மீறி இழுத்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயின் திருகு கடைசிவரை போயிருக்கிறது. அடிக்கடி டிரிப் ஆகி நின்றுவிடுகிறதென்று யாரோ திருகியிருக்கிறார்கள். மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்குத்தான் அது நிற்கணும். மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் ஒயரையும் கழற்றி நேராக முறுக்கிவிட்டிருக்கிறார்கள். ஒரு பேஸ் போனால் மிச்ச இரண்டும் சுமையை இழுக்கும், சில நிமிஷத்தில் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுற்று (காயில்) கருகிவிடும்.

சாயங்காலம் எல்லாப் பம்புசெட்டும் ஓடும்போது 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 330தான் வருகிறது. வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் ஏறும். அந்த நேரத்தில் மோட்டார் போடவே கூடாது. விடியற்காலையில் தொட்டியை நிரப்பிவிடணும். கோடையில் நீர்மட்டம் இறங்கி மோட்டார் காற்று வாங்கினால், தண்ணீர் இல்லாமல் ஓடாதபடி நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பும் வேண்டும்.

இறக்கும்போது கவனிக்க வேண்டியது: மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் ஊற்றி, அரைமணி விட்டுக் குமிழி அடங்கினதும் மறுபடி நிரப்பணும். போர் அடித்தரையிலிருந்து 10-15 அடி மேலே தொங்கட்டும், இல்லையென்றால் சேற்றை இழுக்கும். கேபிள் ஜாயின்டில் ஈரம் புகுந்தாலும் போச்சு. ஓடவிட்டதும் தண்ணீர் குறைவாக வந்தால் பேஸ் மாறி எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, இரண்டு ஒயரை மாற்றிக் கொடுக்கணும். லைன்மேன் வேலை பார்த்துவிட்டுப் போன பிறகும் இது நடக்கும்.

தெற்குத்தெரு, லண்டன்:
இது ஊராட்சி மோட்டார், நாம் ஏன் முழுதும் கொடுக்கணும்? ஊராட்சிக்கு வந்த மத்திய அரசின் 15-வது நிதி ஆணைய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கியது, பாதிப்பாதி. அந்தக் கணக்கில் இருப்பு எவ்வளவு என்று கேட்டீர்களா? அரசும் மக்களும் சேர்ந்து பணம் போடும் நமக்கு நாமே திட்டத்தில் போனால் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, 50,000 போதும்.

இன்னொன்று. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு மாறியவர்கள் ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், எப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கக் கணக்கில் பணம் போடக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் தங்கள் சம்பளப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் சட்டச் சிக்கல் இல்லை. ஊரணிப் படித்துறை வசூலுக்கு இன்னும் பில் வரவில்லை. அது வரும்வரை என் கை பையிலிருந்து வெளியே வராது.

மேலவீடு, தோஹா:
படித்துறைக் கணக்கை இதில் இழுக்காதீங்க மச்சான். அப்போது கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்தது யார் என்று உங்க அப்பாவைக் கேளுங்க.

வடக்குவீடு, பினாங்கு:
பிள்ளைகளா, சண்டை வேண்டாம். ஊரணித் தண்ணீரைப் பானையில் ஊற்றித் தேத்தாங்கொட்டை உரைத்துவிட்டால் காலையில் பளிங்காகத் தெளிந்திருக்கும். அந்த ருசி எந்த போரிலும் வராது. ஊரணி நிறைந்தால் பக்கத்துப் போரும் ஊறும். இப்போது நிறையாததற்குக் காரணம், ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மண் மேவிப்போனது. யார் வீட்டுக் களத்துக்காக மண் விழுந்தது என்று எனக்கும் தெரியும், லண்டனுக்கும் தெரியும்.

கீழவீடு, சிங்கப்பூர்:
சித்தப்பா சொல்வது நியாயம். மே 1 கிராமசபையில் இரண்டு மனுவும் எழுத்தில் கொடுத்துத் தீர்மானமாகப் பதியவைக்கணும்: மோட்டார், வரத்துக்கால் அளவை. பேனல் சரிசெய்ய ரிலே, பிரிவென்டர் இரண்டையும் நான் வாங்கித் தருகிறேன், பில்லைக் குழுவிலேயே போடுகிறேன். தம்பி, மோட்டார் தகட்டைத் துடைத்து ஆம்பியர் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பு.