பழைய குடில் சொரூபங்களும் அவை சுமக்கும் கிறிஸ்துமஸ் நினைவுகளும்: கையாண்டவர்கள் எழுதுங்கள்

பழைய பெட்டி:
டிசம்பர் பிறந்ததும், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலின் சொரூபப் பெட்டி கீழே இறங்கும். திறந்தால் சூசையப்பரின் கை தனியாகக் கிடக்கும், ஆட்டுக்கு ஒரு காது இருக்காது, குழந்தை இயேசுவைக் காணவே காணோம். யார் வாங்கியது, யார் போட்டு உடைத்தது, யார் ஒட்டியது என்று ஒவ்வொரு சொரூபத்துக்கும் ஒரு கதை இருக்கும். அந்தக் கதைகள் நீளும் என்பதால் இங்கே வேண்டாம். எதை எப்படித் தொடுவது, எதைத் தொடவே கூடாது, ஏன் என்ற வேலை விவரத்தை மட்டும் எழுதுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். சொரூபம் எதனால் ஆனது என்று தெரியாமல் பசையை எடுக்காதீர்கள். உடைந்த இடத்தைப் பாருங்கள். வெள்ளையாக, நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தால் பிளாஸ்டர். செங்கல் நிறமாக, நகம் ஏறாமல், விரலால் தட்டினால் 'டங்' என்றால் சுடுமண். அளவுக்குப் பொருந்தாத லேசான எடை, உடைப்பில் அடுக்கடுக்காக நார் தெரிந்தால் காகிதக்கூழ். மரத்தில் ரேகை ஓடும், ஆனால் பூச்சுக்கு அடியில் மறைந்திருக்கும். அடிப்பாகத்தைத் திருப்பினால்தான் தெரியும். குளிர்ச்சியாக, கனமாக, பக்கவாட்டில் அச்சின் கோடு ஓடினால் பெரும்பாலும் ரெசின், அதாவது அச்சில் ஊற்றி இறுகவைத்த செயற்கைப் பிசின்.

அடிப்பாகத்தைத் திருப்பும்போது அங்கே பென்சில் எழுத்து, அச்சு எண், முத்திரை ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன்மேல் வெல்வெட் துணி ஒட்டி மூடிவிடுவது பலர் செய்கிற தவறு.

சுண்ணக்கை:
பிளாஸ்டரைப் பற்றி நான் எழுதுகிறேன். வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பகுதி அதுதான்.

முதல் எதிரி தண்ணீர். ஜிப்சம் என்ற கனிமத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, அதிலுள்ள நீரில் முக்கால் பங்கை வெளியேற்றினால் கிடைப்பதுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீர் சேர்த்ததும் அது மறுபடியும் ஜிப்சமாக இறுகுகிறது. அந்த ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 2 கிராம் கரையும். கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் வருடாவருடம் ஈரத்துணியால் துடைத்தால் மூக்கு நுனியும் இமை விளிம்பும்தான் முதலில் மழுங்கும்; முகத்தின் அழகெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, குடிலுக்குள் வைக்கிற ஈரப் பாசியும் புல்லும் மணலும். சொரூபத்தின் அடிப்பக்கத்துக்குப் பூச்சு கிடையாது. ஈரத்தை அது திரிபோல் மேலே இழுக்கும். இரண்டு வாரத்தில் பாதத்தருகே பெயின்ட் கொப்புளித்து, வெள்ளைப் பொடி பூக்கும். ஒவ்வொரு சொரூபத்துக்கும் அடியில், அதன் அடிப்பாகத்தின் அளவுக்கே வெட்டிய பிளாஸ்டிக் தாள் ஒன்று போதும். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

ஒட்டும் வேலைக்கு வருவோம். சூப்பர் க்ளூ வேண்டாம். தண்ணீர்போல் ஓடி பிளாஸ்டருக்குள் இறங்கிவிடும். இணைப்பில் நிற்காது, சுற்றிலும் கறுப்பு விளிம்பு விழும். இரட்டைக் குழாய் எபாக்ஸி அதற்கு நேர்மாறு. பிளாஸ்டரைவிடப் பலமானது என்பதுதான் அதன் குற்றம். அடுத்தமுறை விழும்போது ஒட்டு அப்படியே நிற்கும், பக்கத்தில் நல்ல பிளாஸ்டர் உடையும். பிரிக்கவும் முடியாது. அருங்காட்சியகங்களில் பழுதுபார்ப்பவர்கள் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் ரெசினைப் பயன்படுத்துகிறார்கள். அசிட்டோன் என்ற கரைப்பான் தொட்டால் மறுபடியும் கரையும் என்பதால் தவறாக ஒட்டினாலும் திரும்பிவர வழி உண்டு.

மணிமணியாகக் கிடைக்கும் அதை அப்படியே அசிட்டோனில் போட்டால் அடியில் கட்டியாகிவிடும். மெல்லிய துணியில் முடிந்து, மூடியிட்ட கண்ணாடிக் குப்பிக்குள் தொங்கவிடுங்கள். ஒரு நாளில் தானாகக் கரையும். 100 மில்லி அசிட்டோனுக்கு 5 கிராம் போட்டால் முதல் பூச்சு. 50 கிராம் போட்டால் தேன்போலப் பசை. நெருப்பு அருகில் கூடாது, சன்னல் திறந்திருக்க வேண்டும்.

உடைந்த இரு முகங்களையும் உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுங்கள். பசை இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பல துண்டுகள் இருந்தால் எது முதலில் என்ற வரிசை இங்கேதான் தெரியும். 5 சதவீதக் கரைசலை உடைப்பின்மேல் மட்டும் பூசுங்கள். பெயின்ட்மேல் வழிந்தால் அசிட்டோன் சில பெயின்டுகளைக் கரைத்துவிடும். ஒரு மணி நேரம் காய்ந்தபின், ஒரே பக்கத்தில், விளிம்புக்குச் சற்று உள்ளே தள்ளிப் பசை வையுங்கள். அழுத்திய பிறகு கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஒரு தட்டில் உலர் மணலை நிரப்பி, துண்டின் எடையே இணைப்பை அழுத்துகிற கோணத்தில் சொரூபத்தைப் புதைத்து நிறுத்துங்கள். ஒரு நாள் தொடாதீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: இந்த ரெசின் 40 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். கோடையில் ஓட்டுக்கடியில் இருக்கிற பெட்டிக்குள் அந்தச் சூடு எளிதாக வரும். ஒட்டிய சம்மனசு (வானதூதர்) சிறகு தொங்கிப்போவது அதனால்தான். தொங்கவிடும் சம்மனசின் எடையை ஒட்டின்மேல் ஏற்றாதீர்கள். இடுப்பைச் சுற்றி மெல்லிய நைலான் நூல் கொடுங்கள்.

இழைப்புளி:
விடுபட்ட விரலைச் செய்வது எப்படி என்று எழுதவில்லையே?

சுண்ணக்கை:
எழுதுகிறேன். முதல் பூச்சு போடாத பழைய பிளாஸ்டர், புதிய கலவையிலிருக்கும் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். புதியது இறுகுவதற்குப் பதில் மாவாக உதிரும். எனவே அந்த 5 சதவீதப் பூச்சு இங்கேயும் அவசியம். 100 மில்லி தண்ணீருக்கு 150 கிராம் பிளாஸ்டர் என்ற கணக்கை வைத்துத் தேவையான சிறு அளவு கலக்குங்கள். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டு, குமிழி வராமல் மெதுவாகக் கலக்குங்கள். கெட்டியாகத் தொடங்கியபின் தண்ணீர் சேர்த்து இளக்கினால் பலம் போய்விடும். அதைக் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள். ஒரு விரலுக்கு நடுவில் மெல்லிய பித்தளைக் கம்பி வையுங்கள், இரும்பு வேண்டாம். பழைய சொரூபங்களில் கழுத்திலும் முழங்காலிலும் நேர்க்கோடாக விரிசல் ஓடி, பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து வீங்குகிறது என்று பொருள். அந்த விரிசலை எத்தனை முறை அடைத்தாலும் திறக்கும். ஈரம் படாமல் வைத்தால் வேகம் குறையும், அவ்வளவுதான்.

நிறம் அடைத்த இடத்தில் மட்டும். பக்கத்துப் பழைய பெயின்ட்மேல் ஒரு மயிரிழைகூட ஏறக் கூடாது.

இழைப்புளி:
மரத்துக்குத் தனி இலக்கணம். ஈரப்பதம் ஏறினால் மரம் குறுக்குவாட்டில் விரியும், இறங்கினால் சுருங்கும். மேலே இருக்கிற வெள்ளை அடிப்பூச்சு, அதாவது சுண்ணப்பொடியும் விலங்குப் பசையும் கலந்தது, கூடவே அசையாது. அதனால்தான் வர்ணம் செதில் செதிலாகப் பெயர்கிறது. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. அதைவிட முக்கியம் திடீரென ஏறி இறங்காமல் இருப்பது. வறண்ட பருவத்தில் திறந்திருக்கும் விரிசலை மரத்தூள் பசையால் அடைக்காதீர்கள். ஈரக்காலத்தில் மரம் விரியும்போது அந்த அடைப்பு ஆப்பாக மாறி, வேறு இடத்தில் பிளக்கும்.

ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வட்டத் துளைகள் இருந்தால் வண்டு வெளியேறிய வாசல் அது. பழைய துளையா, இன்னும் உள்ளே குடும்பம் இருக்கிறதா என்று தெரிய, கறுப்புத் தாளின்மேல் சில வாரங்கள் நிறுத்துங்கள். வெளிர் நிறத் தூள் புதிதாகக் கொட்டினால் உயிருள்ள புழு இருக்கிறது. முதல் வேலை, மற்றவற்றிலிருந்து பிரித்துப் பைக்குள் வைப்பது. வர்ணமில்லாத சின்ன மர உருவமென்றால் காற்றுப்புகாத பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறையவைக்கலாம். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் வேர்வைபோல் நீர் மரத்தின்மேல் படியும். தடித்த அடிப்பூச்சும் தங்கரேக்கும் உள்ளவற்றை நீங்களாக உறையவைக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மெழுகுத்திரி:
மெழுகுக் குழந்தை இயேசு யாரிடமாவது இருந்தால்: தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரியில். ஆனால் அதற்கு வெகு முன்பே இளகி, விழுந்த தூசியை உள்ளே வாங்கிக்கொள்ளும். அது பிறகு வராது. பஞ்சில் சுற்றாதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும். குடிலில் பழைய சூடாகும் பல்புச் சரத்தை அருகே ஓடவிடாதீர்கள்.

பட்டுடை உடுத்திய சொரூபங்கள் வேறு கவலை. 18ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் குடில் உருவங்களில் தலை சுடுமண், கைகால் மரம், கண் கண்ணாடி; உடல் வெறும் கம்பியும் சணல் நாரும்தான், அதன்மேல் உண்மையான பட்டு. உடம்பை வளைக்கலாம் என்பதால் எல்லோரும் வளைத்துப் பார்க்கிறார்கள். மடிப்பில் கிழியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடைகூட்ட உலோக உப்பேற்றிய பட்டு வந்தது; அது அலமாரியில் சும்மா இருக்கும்போதே நீளநீளமாகக் கிழியும். துவைப்பது, இஸ்திரி போடுவது, தைப்பது எதுவும் உதவாது.

வெள்ளாட்டுக்குட்டி:
இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? முகமெல்லாம் கறுத்துக் கிடக்கிற மாதாவைப் புது பெயின்ட் அடித்து வைத்தால் பிள்ளைகள் ஆசையாகப் பார்ப்பார்களே.

பழைய பெட்டி:
அந்தக் கறுப்பு பெரும்பாலும் மெழுகுவர்த்திப் புகை. அதை எடுக்கலாம். பெயின்ட் செதில் பெயர்கிறதா என்று பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், பெயர்ந்தால் நிறுத்துங்கள். பெயரவில்லையென்றால், புகைக்கரி துடைக்கவென்றே விற்கும் உலர்ந்த ரப்பர் பஞ்சால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். முதலில் ஈரம் பட்டால் கரி உள்ளே இறங்கிவிடும், பிறகு எதற்கும் வராது. மிச்சத்துக்கு, சிரிக்காதீர்கள், எச்சில். பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டுச் சுத்தம் செய்வது ஓவியப் பாதுகாப்பாளர்களும் கையாளும் முறை. எச்சிலில் உள்ள நொதிகள் அழுக்கை இளக்குகின்றன. குச்சியை உருட்ட வேண்டும், இழுக்கக் கூடாது. பிளாஸ்டர் தெரிகிற இடத்தில் இதுவும் வேண்டாம்.

ஆனால் எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள். தீவனத் தொட்டியின் விளிம்பில் சொட்டி உறைந்த மெழுகு, குழந்தைகள் எப்போதும் பிடித்துத் தூக்குவதால் வர்ணம் தேய்ந்த ஆட்டு முதுகு, இவைதான் அந்தப் பொருள் எத்தனை கிறிஸ்துமஸ் பார்த்தது என்பதற்குச் சாட்சி. புது பெயின்ட் அடித்தால் நேற்றுக் கடையில் வாங்கிய சொரூபம்தான் கையில் இருக்கும். பிள்ளைகளுக்குப் பளபளப்பு வேண்டுமென்றால் ஒரு புது ஆட்டுக்குட்டி வாங்கிப் பக்கத்தில் வையுங்கள்.

வெள்ளாட்டுக்குட்டி:
கலந்து வைத்தால் செட் கெடாதா?

மெழுகுத்திரி:
கெடாது. 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தவை வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அந்த மாடும் கழுதையும்கூட நற்செய்திப் பிறப்பு நிகழ்ச்சியில் இல்லை; பழைய ஏற்பாட்டு ஏசாயா நூலின் முதல் அதிகாரத்திலிருந்து வந்து சேர்ந்தவை. ரோமில் புனித மரியா பேராலயத்தில், சிற்பி அர்னோல்ஃபோ தி காம்பியோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கிய கற்குடிலிலேயே மரியாளும் குழந்தையும் பிற்காலத்தில் திருத்தப்பட்டவை. பிரெஞ்சுப் புரட்சியில் கோவில்கள் மூடப்பட்டபின் வீடுகளுக்குப் பரவிய தென் பிரான்சின் புரோவென்ஸ் வட்டாரக் களிமண் பொம்மைகளில் ரொட்டி சுடுபவர், மீன் விற்பவர் எல்லாரும் வந்து நிற்பார்கள்.

பொருந்தாமல் போவது அளவுதான். குடில் செட்டுகளின் அளவு 10, 12, 15 சென்டிமீட்டர் என்று சொல்வது நிற்கிற ஆளின் உயரத்தை. முழங்காலிட்ட மாதாவை அளந்து அந்த அளவுக்கு ஆடு வாங்கினால் சின்னதாக வந்து சேரும். சூசையப்பரோ இடையரோ நிமிர்ந்து நிற்பவரை அளந்து சொல்லுங்கள்.

சுண்ணக்கை:
நினைவைக் குறித்துவைப்பது பற்றி. சொரூபத்தின்மேல் மார்க்கரில் எழுதாதீர்கள். பிளாஸ்டருக்குள் மை ஊறும். ஸ்டிக்கரும் செலோடேப்பும் பசையை மஞ்சளாக விட்டுச் செல்லும். அடியில் ஒரு பொட்டளவு பாராலாய்டு, காய்ந்தபின் அதன்மேல் மையால் எண் மட்டும், அதன்மேல் இன்னொரு பொட்டு. வேண்டாமென்றால் அசிட்டோனில் எண்ணோடு வந்துவிடும். மற்றதெல்லாம் நோட்டில், அந்த எண்ணுக்கு நேரே: எந்த வருடம் வந்தது, யார் கொடுத்தார்கள், எப்போது எங்கே உடைந்தது, எந்தப் பசையால் ஒட்டினீர்கள். கடைசி விவரம் அடுத்துப் பழுதுபார்ப்பவருக்குத் தங்கம். பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் மங்கும். வயதானவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யும்போது பொருளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். விரல் தானாகப் பழைய உடைப்பைத் தேடிப் போகும், அங்கிருந்து பேச்சு வரும். குடிலைக் கலைக்கும் முன் முன்னால் ஒன்று, மேலிருந்து ஒன்று என்று இரண்டு படம் எடுங்கள்.

பழைய பெட்டி:
கட்டிவைப்பதில் நான் பார்க்கிற தவறுகள்: செய்தித்தாள் (மை ஒட்டும், அமிலம் வேறு), குமிழ்த்தாளின் குமிழ்ப்பக்கம் பெயின்ட்மேல் படுவது (வட்டவட்டமாக அச்சு விழும்), நாப்தலின் உருண்டை (ஆவி சில பூச்சுகளையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும்), ஈரம் காயுமுன் மூடுவது. அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, கழுத்தும் கையும் உள்ள இடைவெளிகளில் அதே தாளைக் கசக்கி அடைத்து, கனமானவற்றை அடியில் படுக்கவையுங்கள்.

அதிகம் தொலைவது குழந்தை இயேசுவும் மூன்று ராஜாக்களும். காரணம் சாதாரணம்: குழந்தை 24ஆம் தேதி இரவுதான் தொட்டிக்குள் வருகிறது, ராஜாக்கள் ஜனவரி 6 திருக்காட்சித் திருநாளுக்கு. அதுவரை அலமாரி, மேசை டிராயர் என்று எங்காவது இருப்பார்கள், பிறகு அங்கேயே தங்கிவிடுவார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி. பெயரை மூடிமேல் எழுதாமல் பெட்டியின் பக்கத்தில் எழுதுங்கள், மூடிகள் மாறிவிடும்.