அட்டை முக்கியமா, படிக்கிறது முக்கியமா? பழைய காமிக்ஸ், பழைய கேம் சேர்ப்பவர்களிடம் நான் பார்த்தது

பழைய காமிக்ஸ், பழைய வீடியோ கேம் தேடி அலைகிறவர்களோடு பல வருஷமாகப் பழகி வருகிறேன். ஒரே புத்தகத்தை ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார், அடுத்தவர் "இது தேறாது" என்று தள்ளிவிடுகிறார். வயசு வித்தியாசம் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம்தான். பேசிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது கொஞ்சம் கூடுதலாக ஒன்று: முதன்முதலில் அது அவர் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால், இப்போது எதற்கு மதிப்புத் தருகிறார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். வாடகைக்கு எடுத்துப் படித்தவர்கள், காசு சேர்த்து வாங்கியவர்கள், திரையில் பார்த்து வளர்ந்தவர்கள். இந்த மூன்று பேருக்குள்ளும் நான் பார்த்ததை எழுதுகிறேன், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

விருதுநகர் பக்கம் ஒரு பெரியவர், அறுபதைத் தாண்டியவர். 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி' என்ற நாயகனின் கதையோடு தொடங்கியபோது பள்ளிக்கூடப் பையன். புத்தகம் வாங்கும் வசதி வீட்டில் இல்லை, தெருமுனை வாடகை நூலகம்தான் கதி. அங்கேயே உட்கார்ந்து படித்தால் ஒரு கட்டணம், வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒரு கட்டணம். பின்னாளில் அந்த நூலகம் மூடியபோது அங்கிருந்த காமிக்ஸ் பைண்டுகளை மொத்தமாக வாங்கி வந்துவிட்டார். நான்கைந்து இதழ்களைச் சேர்த்துத் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டி, அட்டைகளை எல்லாம் எடுத்துவிட்ட பைண்டுகள். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருந்த பச்சைச் சாயல் ஒட்டிய இடத்தில் இன்னும் தெரிகிறது. ஓரம் வெட்டும்போது பலூனில் இருந்த வசனத்தின் கடைசி எழுத்துகள் சில பக்கங்களில் போய்விட்டன. முதல் பக்கத்தில் நூலகத்தின் ரப்பர் ஸ்டாம்ப், பத்துப் பக்கத்துக்கு ஒரு தடவை அதே ஸ்டாம்ப். ஒரு கதையில் வில்லன் யார் என்று நடுப்பக்கத்திலேயே எவனோ பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான், அதை அழிக்கக் கூட அவருக்கு மனசில்லை.

என்னோடு வந்திருந்த பையனுக்கு இருபத்துநாலு வயசு. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு என் காதோரமாக, "அண்ணே, அட்டை இல்ல, ஓரம் வெட்டியிருக்கு, ஸ்டாம்ப் வேற. இதை யாரும் வாங்க மாட்டாங்க" என்றான். பெரியவருக்குக் கேட்டுவிட்டது. கோபப்படவில்லை. "தம்பி, அந்தக் கடையில பைண்டு பண்ணாத புக்கு ஒண்ணு கூட மிஞ்சல. பைண்டு பண்ணதாலதான் இது உங்க கைக்கு வந்திருக்கு" என்றார்.

இது உண்மை. மலிவான நியூஸ்பிரிண்ட் தாள், வருஷம் ஆக ஆகப் பழுத்து மடிப்பில் உடைந்துவிடும். தைத்த கம்பிப் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்றுவிடும். மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். ஆனால் பையன் அட்டைக்கு ஏங்கியதிலும் நியாயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். உள்ளே இருக்கும் மாயாவி படங்கள் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் 1962-லிருந்து வந்த தொடர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்தக் காலத்து அட்டைகளில் பல நம் ஊர் ஓவியர்கள் கையால் வரைந்தவை. பைண்டர் கிழித்துப் போட்டது அதைத்தான். மறுபதிப்பிலும் எல்லா நேரமும் அந்தப் பழைய அட்டை வராது. அதனால் அட்டைப் பித்து பிடித்த இந்தக் காலத்துப் பிள்ளைகளை "காசுக்காகச் சேர்க்கிறான்" என்று யாராவது ஒதுக்கினால் எனக்குச் சம்மதம் இல்லை.

அடுத்தது என் வயசுக்காரர்கள். 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் அடுத்தடுத்து வந்தன. ராணி காமிக்ஸ் ஆரம்பத்தில் ஒன்றரை ரூபாய், பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப்பு போட்டுத் தொங்கும். வீட்டில் கொடுக்கும் சில்லறையைச் சேர்த்து வாங்கி, பள்ளிக்கூடத்தில் மாற்றிக்கொள்வோம். சேர்த்தவன் கணக்குப் பார்க்காமல் இருப்பானா? எண்தான் எங்களுக்கு எல்லாம். ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஒவ்வொரு ஆகஸ்டும் வரும் ஒரு நண்பர் கையில் நூறு பக்க நோட்டு ஒன்று இருக்கும். இதழ் எண் வாரியாகக் கட்டம் போட்டு, இருப்பதற்கு நீல டிக், இருந்தும் பக்கம் குறைந்தால் அரை டிக், இல்லாததற்கு வெறும் கட்டம். பணத்துக்கு எதையும் விற்க மாட்டார். இரண்டு கொடுத்து ஒன்று வாங்குவார், சில சமயம் ஒன்றுக்கு ஐந்து கூடக் கொடுப்பார், அந்தக் கட்டம் நிறைய வேண்டும், அவ்வளவுதான்.

"அதே கதை மறுபதிப்பில் நல்ல தாளில் வந்திருக்கிறதே" என்று கேட்டால், "கதை இருக்கு, நம்பர் இல்லையே" என்பார். பல பாகமாக வந்த 'ரத்தப் படலம்' காமிக்ஸ் தொடர் அவரிடம் மூன்று விதமாக இருக்கிறது. எண்பதுகளில் தொடங்கித் துண்டு துண்டாக வந்த இதழ்கள், 2010-ல் கறுப்பு வெள்ளையில் மொத்தமாக வந்த தடித்த தொகுப்பு, 2018-ல் வந்த வண்ணத் தொகுப்பு. படிக்க எடுப்பது 2018, பத்திரப்படுத்துவது முதல் செட். அடுத்த பாகம் எப்போது என்று தெரியாமல் வருஷக்கணக்கில் காத்திருந்தவருக்கு அந்த இடைவெளியும் கதையோடு சேர்ந்ததுதான்.

விருதுநகர்ப் பெரியவரோ நேர்மாறு. 2012-க்குப் பிறகு லயன் ஆர்ட் பேப்பரில் வண்ணத்தில் வர ஆரம்பித்தபோது என் வயசுக்காரர்கள் சிலர் "பழைய மாதிரி இல்லை" என்று முனகினார்கள். அவர் ஒரு முனகலும் இல்லாமல் சந்தா கட்டிவிட்டார். பெரிய சைஸ், எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, போதும் என்கிறார். வயசான ரசிகர்கள்தான் பழசைப் பிடித்துத் தொங்குவார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாடகைக்குப் படித்தவருக்குப் படிப்பதுதான் பிரதானம்.

சரி, கேமுக்கு வருகிறேன். இங்கே தலைமுறைகளுக்கு நடுவே இடைவெளி இன்னும் குறைவு, சண்டை அதிகம்.

முப்பத்தெட்டு வயசு அண்ணனும் இருபத்திரண்டு வயசுத் தம்பியும், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், சென்னையில் ஒரே வீட்டில் சேர்க்கிறார்கள். அண்ணன் வளர்ந்தது தொண்ணூறுகளின் டிவி கேமில். நிண்டெண்டோவின் ஃபேமிகாம் ஜப்பானில் வந்தது 1983-ல். நம் வீடுகளுக்கு வந்தது பெரும்பாலும் அதன் நகல்கள், பர்மா பஜார், ரிச்சி தெரு வழியாக. மஞ்சள் கேசட்டில் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும், உள்ளே ஒரு சில கேம்தான், அதையே வேறு வேறு லெவலில் ஆரம்பிக்க வைத்துப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். அண்ணனுக்கு அந்த மஞ்சள் கேசட்தான் பொக்கிஷம். 'கான்ட்ரா' கேம் ஓட வேண்டும், பக்கத்தில் இரண்டாவது ரிமோட்டோடு ஒருத்தர் உட்கார வேண்டும். பெட்டி, மேனுவல் எதுவும் அவர் அன்றைக்கே பார்த்ததில்லை.

தம்பி இதையெல்லாம் போனில் எமுலேட்டரில் (பழைய கேமை ஓட வைக்கும் மென்பொருள்) சின்ன வயசிலேயே விளையாடி முடித்தவன். அவனுக்கு விளையாட்டு எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, பொருள்தான் இல்லை. அதனால் ஒரிஜினல் பெட்டி, மேனுவல், கீறாத லேபிள் என்று தேடுகிறான். கேசட் வாங்கினால் முதலில் திருப்புளி எடுத்து உள்ளே பார்ப்பான். தனித்தனி சிப் வைத்த போர்டா, கறுப்புப் பொட்டு வைத்த மலிவான நகலா என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததே அவன்தான். 2021 ஜூலையில் சீல் பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று அமெரிக்காவில் 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போன கதையை வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான். அண்ணனுக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். பிரிக்கவே பிரிக்காத கேம் எப்படிக் கேம் ஆகும் என்பார். நான் இதில் அண்ணன் பக்கம். காமிக்ஸையும் இப்படிப் பிளாஸ்டிக் உறையில் வைத்து மார்க் போட்டு அடைக்கும் பழக்கம் அமெரிக்காவில் இருக்கிறது, சிவகாசியிலிருந்து வரும் நம் முத்து, லயன் இதழ்களுக்கு அது வந்துவிடக் கூடாது என்று மனசார விரும்புகிறேன். அடைத்தபின் பக்கத்தைப் புரட்ட முடியாது.

ஆனால் இருவரும் சேர்ந்து தேடிய ஒன்று உண்டு: பழைய குண்டு டிவி. டிவி கேமில் திரையில் வரும் வாத்தைச் சுடும் துப்பாக்கி எல்இடி டிவியில் வேலை செய்யவில்லை. துப்பாக்கி விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக வரும், அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி அதே கணத்தில் பிடிக்க வேண்டும். புது டிவியில் படம் கொஞ்சம் தாமதித்து வருவதால் ஒன்றும் பதிவாகாது. இதைத் தம்பி அண்ணனுக்கு உட்கார வைத்து விளக்கினான். அப்புறம் காயலான் கடை காயலான் கடையாக அலைந்து ஒன்றைத் தூக்கி வந்தார்கள். தூக்கி வந்த அன்று இரவு அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை, அத்தை உட்பட.

பணம் புழங்க ஆரம்பித்ததால் வந்த கெடுதலும் உண்டு. தெரிந்தவர் ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கிய பழைய இதழின் அட்டை கலர் ஜெராக்ஸ். சாய்த்துப் பிடித்தால் மை தனியாக மினுங்குகிறது, உள்ளே பின் ஓட்டைகள் துரு, அட்டையில் ஓட்டை புதுசு. வாங்கும்போது அட்டையையும் உள்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இதைவிட என்னை வதைப்பது வேறு. சேர்த்தவர் காலமானதும் மொத்தமும் பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போவது. வீட்டாரைக் குறை சொல்ல முடியாது, அவர்களிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. ஈரோட்டு நண்பர் தன் நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு பேரின் தொலைபேசி எண்களை எழுதி, "இவர்களைக் கூப்பிடவும், தனித்தனியாகப் பிரித்து விற்க வேண்டாம்" என்று மனைவி முன்னாலேயே ஒட்டி வைத்துவிட்டார். அதில் ஒரு எண் அந்த இருபத்துநாலு வயசுப் பையனுடையது. நீங்கள் யாராவது இப்படி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறீர்களா? யார் பெயரை எழுதினீர்கள், என்ன செய்யச் சொன்னீர்கள் என்று கீழே எழுதுங்கள்.