சிறிய முற்றத்தில் பவளமல்லி: எப்போது, எவ்வளவு கவாத்து செய்வது?

கேள்வி:
மதுரையில் எங்கள் வீட்டு முன்புறம், மதிலை ஒட்டிய சிறு மண்பகுதியில் வைத்த பவளமல்லி முதல் மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வளர்ந்து, அடுத்த வீட்டார் வண்டி நிறுத்தும் இடத்துக்கு மேலும் ஒரு பெருங்கிளையை நீட்டியிருக்கிறது. பூ உதிர்வதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. ஐப்பசி மழையில் அந்தக் கிளை முறிந்து வண்டிமேல் விழுமோ என்றே அஞ்சுகிறார்கள். வேலைக்கு அழைத்தவரோ, உச்சியை மொட்டையடித்துவிட்டால் மரம் அடங்கிவிடும் என்கிறார். இப்போது ஆடி மாதம். பூவை இழக்காமல் மரத்தைப் பத்தடிக்குள் நிறுத்த வழி உண்டா?

மறுமொழி 1:
மொட்டையடிக்க இடம் கொடுத்துவிடாதீர்கள். வெட்டுவாய்க்குக் கீழே நீர்ப்போத்துகள் (நேராக மேல்நோக்கி வேகமாக வளரும் வலுவற்ற தளிர்கள்) கொத்தாகக் கிளம்பும். அவை மேலோட்டமாகவே ஒட்டியிருப்பதால், தடித்துக் கனத்தபின் பலத்த காற்றில் பிய்ந்து விழும். அதாவது, உங்கள் அண்டை வீட்டார் எதற்கு அஞ்சுகிறார்களோ அதையே காசு கொடுத்து வளர்த்தது போலாகிவிடும். மேலும், பவளமல்லி புதிதாகத் தளிர்த்த கிளைகளின் நுனிப்பகுதியில் பூப்பது. இப்போது நுனிகளை வெட்டினால் இவ்வாண்டுப் பூவில் பெரும்பகுதி போய்விடும். பூ ஓய்ந்தபின், தை கடைசியிலோ மாசியிலோ கவாத்து செய்வதே முறை.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அண்டை வீட்டுப் பக்கம் நீண்ட கிளை தை வரை காத்திருக்கலாகாது, மழைக்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள். கனமான கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால், முழுவதும் அறுபடுமுன் தன் பாரத்தாலேயே சாய்ந்து தாய்மரத்தின் பட்டையையும் நெடுக உரித்துக்கொண்டு போகும் என்பதால், அடியிலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் கீழ்ப்புறம் சிறிது அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து இறக்கிவிட்டு, மிஞ்சிய கட்டையைத் தனியாக எடுக்க வேண்டும். கிளை மரத்தோடு சேரும் இடத்தில் வளையம் போல் புடைத்திருக்கும். அதைத் தொடாமல் அதன் வெளிப்புறம் அறுத்தால் காயம் தானே மூடிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வெட்டிய இடத்தில் சாணம் பூசலாமா? தை மாதத்தில் உயரத்தை எப்படிக் குறைப்பது?

மறுமொழி 1:
சாணம் வேண்டாம். போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்புப் பூச்சு) பூசுவோர் உண்டு. வளையத்தை விட்டுச் சுத்தமாக அறுத்திருந்தால் அதுவும் கட்டாயமில்லை. உயரத்தை ஒரே ஆண்டில் குறைக்க முயலாமல், ஆண்டுக்குத் தழையில் கால் பங்குக்கு மேல் போகாதபடி, உயர்ந்த கிளைகளைத் தாழ்வான பக்கக்கிளை பிரியும் இடம்வரை எடுத்துவாருங்கள். இதன் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருப்பதால், கணுவுக்கு மேலே வெட்டினால் பெரும்பாலும் இரண்டு தளிர்கள் வரும். மரத்தின் உட்புறம் நோக்கிய தளிரைப் பிஞ்சிலேயே கையால் கிள்ளிவிட்டால், அடுத்த ஆண்டு கத்தரிக்கு வேலை பாதியாகும்.