வெதுவெதுப்பான கடலில் 32 அடி பாய்மரப் படகு: அடிப்பகுதிக்கு எந்த ஆன்டிஃபவுலிங் (பாசியும் ஓட்டுயிரியும் ஒட்டாம தடுக்கிற பெயிண்ட்)?

கேள்வி (நங்கூரம்):
ஃபைபர் படகு, மலேசியாவின் லங்காவித் தீவில் வருஷம் பூரா தண்ணியிலேயே கிடக்கும். மாசம் ரெண்டு தடவைதான் பாய் விரியும். நீர்மட்ட நீளம் 8.5 மீட்டர், அகலம் 3.2, ஆழம் 1.6. ஃபின் கீல் (அடியில் துடுப்பு மாதிரி தொங்குற எடைத் தகடு), செயில்டிரைவ் (படகின் அடி வழியா இறங்குற, உந்துவிசிறி பொருத்தின கால்). அடியில இருக்கிற பழைய பெயிண்ட் எதுன்னு தெரியல. ஹார்டா (தேயாம கெட்டியா நிக்கிற வகை), தானே தேயுற வகையா? எத்தனை லிட்டர் வேணும்?

சுக்கான்:
தேயுற வகைதான், அதிலும் கோபாலிமர். ரோசின் (மரப்பிசின்) கலந்த மலிவு வகை, படகு ஓடும்போது தண்ணி உரசுறதில்தான் பெரும்பாலும் தேயும். சும்மா கிடக்கிற படகில் மேலே பாசி மூடிரும். கோபாலிமர் உப்புத்தண்ணியோட வினைபுரிஞ்சு கரையுது. ஆனா தண்ணி சூடா இருந்தா அந்த வினையும் வேகமாகும், அதனால 2 கோட் போதாது, 3 போடுங்க. முதல் கோட் வேற நிறத்தில் இருக்கட்டும். அது வெளியே தெரிஞ்சா மறுபடி அடிக்கிற நேரம் வந்தாச்சு.

அளவு: 8.5 × (3.2 + 1.6) × 0.75, சுமார் 31 சதுர மீட்டர். லிட்டருக்கு நடைமுறையில 8 சதுர மீட்டர்னு வெச்சா 3 கோட்டுக்கு 11.5 லிட்டர். கீலோட முன்விளிம்பு, சுக்கான், நீர்மட்டக் கோடு மூணும் சீக்கிரம் தேயும். அங்கே கூடுதல் கோட்டுக்கு 1 லிட்டர். ரோலரை இழுத்து இழுத்து மெலிசா தேய்ச்சு பெயிண்டை மிச்சம் பண்ணாதீங்க, கொட்டலசு (படகில் ஒட்டி வளர்ற ஓட்டுயிரி) அங்கேதான் முதல்ல உட்காரும்.

பழையது எதுன்னு தெரியாததால, 80 கிரிட் உப்புத்தாளை நனைச்சுத் தேய்ங்க (காய்ஞ்ச தூசி விஷம்), அப்புறம் ஒரு டை-கோட் (பழைய பெயிண்டையும் புதுசையும் பிணைக்கிற இடைப்பூச்சு).

அலைவாய்:
எனக்கு ஹார்ட் மேல் மதிப்பு உண்டு. 3 வாரத்துக்கு ஒரு தடவை டைவர் மெத்துத்துணியால துடைச்சா, உயிரிகளை விரட்டுற புது செம்பு பெயிண்டின் மேலே வரும். கோபாலிமரை அழுத்தித் துடைச்சா பெயிண்டே போயிடும். ஆனா ஹார்டை மாசக்கணக்குல கரையில காய விட்டா செயலிழக்கும். வருஷா வருஷம் அடிச்சா தடிச்சு, பாளம் பாளமா உரியும்.

பாய்மரம்:
செயில்டிரைவை மறக்காதீங்க! அது அலுமினியம். குப்ரஸ் ஆக்சைடு (செம்புச் சேர்மம்) பெயிண்ட் பட்டா அரிச்சு, வெள்ளைப் பொடி கக்கும். எபாக்சி பிரைமர் போட்டு, மேலே குப்ரஸ் ஆக்சைடு இல்லாத, அலுமினியத்துக்குன்னே வர்ற பெயிண்ட். சுத்தி ஒரு விரல் அகலம் செம்புப் பெயிண்ட் படாம இருக்கணும். ஆனோட் (அலுமினியத்துக்குப் பதிலா தானே அரிச்சுப்போகுற உலோகக் கட்டி) மேல எதுவுமே அடிக்கக் கூடாது.

டப்பாவை அடிவரைக்கும் கலக்குங்க, செம்பு கீழே படிஞ்சிருக்கும். கரையில் படகைத் தாங்குற ஸ்டாண்டின் பேடு மறைச்ச இடங்களுக்கும், பேடை நகர்த்தி, அதே 3 கோட்.