டாப் ஸ்டேஷன் ரயில்: மிச்சத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கொழுந்துக்கூடை
மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை ஏற்றிப் போய், 1924 வெள்ளத்தோடு நின்றுபோன ரயிலின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக வருகிறேன். எங்கள் லயத்துக்கு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் துணி காயப்போடும் கொடி ஒன்று இருந்தது. ஒரு முனை மரத்தில், மறுமுனை மண்ணில் நட்ட துருப்பிடித்த இரும்பில். அப்பத்தா அதை 'ரயிலு' என்றுதான் சொல்வார். "போர்வைய ரயிலுப் பக்கமா போடு, அங்கதான் வெயிலு." சிறு வயதில் எனக்கு அது அந்தக் கம்பத்தின் பெயர், அவ்வளவுதான்.

பத்தாவது படிக்கும்போது ஒருநாள் கொடியை அவிழ்க்கப் போனவன் அந்த இரும்பின் தலையைக் குனிந்து பார்த்தேன். மேலே குமிழ், நடுவே ஒல்லி, கீழே பட்டை. தண்டவாளத் துண்டு! ஓடிப்போய்க் கேட்க அப்பத்தா இல்லை, இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருடைய அம்மா அந்த ரயிலைப் பார்த்தவராம். நான் வேலைக்குப் போன பிறகு சித்தப்பா அதைப் பிடுங்கிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். குழி மட்டும் இருக்கிறது. உங்களிடம் என்ன இருக்கிறது?

ரெண்டடிப்பாதை
பார்த்தவர் பார்த்த ரயில் எது என்பதையும் சொல்ல வேண்டும். பலர் இரண்டையும் குழப்புகிறார்கள். 1902-இல் வந்தது ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில், பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில். பாரத்தில் பெரும்பகுதி தண்டவாளத்தின் மேல், பெரிய சக்கரம் சாயாமல் இருக்கத்தான். இழுத்தது மாடு. 1908-இல்தான் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல லைட் ரயில்வே போட்டு என்ஜின் ஓட்டினார்கள். டார்ஜிலிங், மாத்தேரான் ரயில்களுக்கும் அதே அகலம்தான்.

என் அனுபவம் மூணாறில் இல்லை, டெல்லியில். பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907-இல் தொடங்கியதும் இதே மாதிரி ஒற்றைத் தண்டவாளம்தான். அதன் என்ஜின் சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் போனபோது அது தரைச்சக்கரத்தை உருட்டிக்கொண்டு கிளம்பியது. பக்கத்திலிருந்த என் பையன், "அப்பா, விழப்போகுது" என்று கையைப் பிடித்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூணாறு ரயில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கில் மாட்டுக்காரன் இதை மழையில் எப்படி ஓட்டியிருப்பான் என்று அன்று முதல் மண்டையைக் குடைகிறது.

கொட்டகுடிக்காரன்
மூணாறு, மூணாறு என்றே எழுதுகிறீர்கள். அந்த ரயில் போய் நின்ற இடம் எது? டாப் ஸ்டேஷன் இன்றைக்கும் எங்கள் தேனி மாவட்டத்து விளிம்பில். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் ரோப்வேயில் தேயிலைப் பெட்டி கொட்டகுடிக்கு இறங்கும். அதனால் எங்கள் ஊர் அவர்களுக்கு பாட்டம் ஸ்டேஷன். பிறகு மாட்டுவண்டியில் போடி. போடிக்கு ரயில் வந்ததே 1928-இல். அதற்கு முன்பு அம்மையநாயக்கனூர் வரை வண்டிதான்.

என் தாத்தாவின் அப்பா அந்த வண்டிக்காரர்களில் ஒருவர். எங்கள் பழைய வீட்டுப் பரண் தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தது. வீட்டை இடித்த அன்று கொத்தனார் ஒரு பலகையைத் திருப்பினார். அதில் கறுப்பு மையில் பாதி அழிந்த எழுத்து. நான் செல்போனை எடுப்பதற்குள் சாந்து கலக்க அதையே கீழே போட்டுவிட்டார். இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை.

அட்டைக்கடி
நான் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடந்தே ஏறியிருக்கிறேன். நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஓர் இடம், ரோப்வேக்காக வந்த பெயர். பாசி பிடித்த கல்கட்டு ஒன்றில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் அப்படியே கிளம்பிவிடாதீர்கள். 2018 மார்ச் காட்டுத்தீக்குப் பிறகு வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறுவது தப்பு, ஆபத்தும்கூட. கோடையில் வேண்டவே வேண்டாம், போதைப்புல் என்ற காட்டுப்புல் காய்ந்து கிடக்கும். மழைக்காலத்தில் அட்டை. உப்பும் மூக்குப்பொடியும் துணியில் முடிந்து கொண்டுபோங்கள், முழுக்கால் சட்டை, சாக்ஸுக்கு மேல் சாக்ஸ். அட்டையைப் பிய்த்து எடுக்காதீர்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். மதியம் இரண்டுக்கு மேல் மேகம் இறங்கினால் முன்னால் போகிறவர் முதுகு தெரியாது. முட்டி வலி இருப்பவர்கள் மூணாறிலிருந்து பஸ்ஸில் போய்விடுங்கள், 32 கிலோமீட்டர்தான்.

ரெண்டடிப்பாதை
அவர் கேட்டது மிச்சத்தைப் பற்றி, அட்டையைப் பற்றி இல்லை.

அட்டைக்கடி
போய்ப் பார்ப்பவருக்கு உதவும் என்று சொன்னேன், சார். சரி, விடுங்கள்.

மழைக்கணக்கு
எங்கள் வீட்டில் ரயிலைப் பற்றிப் பேச்சே கிடையாது, வெள்ளத்தைப் பற்றித்தான். 1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகளுக்கு அது 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்'. பாதை, பாலம், நிலையம் எல்லாம் அதோடு சரி. ரயிலைத் திரும்பப் போடவில்லை. மூணாறு நிலையக் கட்டடம் மட்டும் தேயிலைக் கம்பெனி அலுவலகமாக இருக்கிறது. நல்லதண்ணி தேயிலை அருங்காட்சியகத்தில் என்ஜின் சக்கரம் ஒன்று உண்டு. நான் அதைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. பக்கத்தில் நின்ற குடும்பம் சக்கரத்தை ஒதுக்கிவிட்டு டீத்தூள் இயந்திரத்தோடு செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை, எனக்கு அந்த ரயில் என்ன உறவா?

ரெண்டடிப்பாதை
கொழுந்துக்கூடை, உங்கள் துண்டு தள்ளுவண்டித் தண்டவாளமாகவும் இருக்கலாம். எல்லா இரும்பும் 1908 இல்லை. இன்றைய பெரிய ரயில் தண்டவாளம் ஆறு அங்குலத்துக்கு மேல் உயரம். உங்களுடையது அதில் பாதிகூட இருக்காது. இருந்தால் அளந்து போட்டிருக்கலாம்.

கொழுந்துக்கூடை
நேற்று சித்தப்பாவுக்கு போன் போட்டேன். முழுவதும் விற்கவில்லையாம்! அடியில் மண்ணுக்குள் இருந்த பகுதியை அறுத்து மாட்டுத்தொழுவத்து வாசலில் படியாகப் போட்டிருக்கிறார். அளவுநாடா இல்லை என்று தீப்பெட்டியைப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் உயரம். ஓரத்தில் இரண்டு போல்ட் ஓட்டையும் இருக்கிறதாம். இன்னும் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், மாடு கட்ட வேண்டும் என்று வைத்துவிட்டார்.