79 மாடல் புல்லட்டை இன்சூரன்ஸ்ல டோட்டல் லாஸ்னு (ரிப்பேர் பண்றது கட்டுப்படியாகாதுன்னு) முடிக்கப் பாக்குறாங்க, ஆர்சியை குடுக்கணுமா?

திருவொற்றியூர்_350:
எண்ணூர் ஹைரோட்ல ஒரு கன்டெய்னர் டிரெய்லர் ஒடிச்சு திருப்புனதுல அப்பாவோட புல்லட் சைடுல மாட்டிக்கிச்சு. அப்பாவுக்கு சிராய்ப்போட போச்சு, அது போதும். வண்டிக்குத்தான் ஃபோர்க் வளைஞ்சு, முன் ரிம், மட்கார்ட், ஹெட்லைட் எல்லாம் காலி, டேங்க்ல டென்ட். அவரு இங்க ஃபேக்டரியில வேலை பார்த்தப்போ வாங்குன வண்டி, டேங்க்ல இருக்கிற தங்கக் கோடு கையால போட்டது, இன்னிவரைக்கும் ரீபெயின்ட் பண்ணல. ஐடிவி (பாலிசியில வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு) 30,000. ஷெட்ல எஸ்டிமேட் 27,000, அதுல பார்ட்ஸ் 18,000 லேபர் 9,000. இன்சூரன்ஸ் சர்வேயர், ரிப்பேர் செலவு ஐடிவியில 75% தாண்டிடுச்சு டோட்டல் லாஸ்தான்னுட்டாரு, சால்வேஜ் (உடைஞ்ச வண்டியோட மதிப்பு) 11,000 போக 19,000 தருவாங்களாம், ஆர்சியை கேன்சல் பண்ணிக் குடுக்கணுமாம். வெளிய இந்த மாதிரி வண்டி லட்சத்துக்கு மேல போகுது, ஐடிவியை ஏத்திக் கேக்க முடியுமா?

பழைய_கிளைம்_ஆள்:
ஏத்த முடியாது தம்பி. அஞ்சு வருஷம் தாண்டுன வண்டிக்கு ஐடிவி கம்பெனியும் நாமளும் ஒத்துக்கிட்டு போடுற தொகை, பாலிசியில எழுதுனதுதான் உச்சம், மார்க்கெட் ரேட்டை வச்சு பேசுனா நேரம்தான் வீணாகும். நீங்க பிடிக்க வேண்டியது அந்த 75 சதவீதத்தை. பாலிசியை எடுத்துப் படிங்க, ரிப்பேர் செலவு "பாலிசி விதிகளுக்கு உட்பட்டு" 75% தாண்டணும்னு இருக்கும். அப்படின்னா தேய்மானம் கழிச்ச பிறகுதான் கணக்கு. பத்து வருஷத்துக்கு மேல போன வண்டிக்கு இரும்பு பார்ட்ஸ்ல 50% போயிடும், ரப்பர் பிளாஸ்டிக்கும் பாதி, கண்ணாடிக்கும் லேபருக்கும் கழிவு இல்ல. உங்க பார்ட்ஸ் 18,000 பாதியாகி 9,000, லேபர் 9,000, மொத்தம் 18,000. 30,000ல 75% 22,500. தாண்டவே இல்லையே! இதை எழுத்துல குடுத்து ரிப்பேர் கிளைமா மாத்தச் சொல்லுங்க. கைக்கு வர்றது கிட்டத்தட்ட அதே காசுதான், ஆனா ஆர்சி கேன்சல் ஆகாம உங்ககிட்டயே இருக்கும். ஆர்சி கேன்சலாயிட்டா அப்புறம் அதை எவ்வளவு அழகா ரெடி பண்ணாலும் ரோட்ல ஓட்ட முடியாது.

வியாசர்பாடி_ஸ்பேனர்:
தல, எஸ்டிமேட்ல புது டேங்க்னு போட்டிருந்தா முதல்ல அதை எடுக்கச் சொல்லு. மாத்துற பார்ட்ஸை சால்வேஜ்னு அவங்க கேப்பாங்க, அப்பாவோட டேங்க்கு போயிடும். பெயின்ட்டு கெடாம டென்ட் எடுக்கிற கை இன்னும் இருக்கு. புதுப்பேட்டையில பழைய ரிம்மு தேடலாம், ஆனா பில்லு இல்லன்னா சர்வேயர் ஒத்துக்க மாட்டாரு, பாத்துக்க. ஃபோர்க்கை நிமித்துறதுக்கு முன்னாடி ஃபிரேம் கழுத்துல விரிசல் கீதான்னு பாத்துடு, அப்பா திரும்ப ஓட்டப்போற வண்டி.

ராயபுரம்_பைக்கர்:
எஃப்ஐஆர் போட்டீங்களா? டிரெய்லர்காரன் மேல தப்புன்னா, உங்க பாலிசி தராத மீதியை அவனோட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்ல கேட்டு விபத்து தீர்ப்பாயத்துல மனு போடலாம், சொத்து சேதத்துக்கும் உண்டு. ஒரே நஷ்டத்தை ரெண்டு இடத்துல வாங்க முடியாது, தேய்மானத்துல போன பாதியைத்தான் கேக்கணும். விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள போட்டுடுங்க.

திருவொற்றியூர்_350:
எஃப்ஐஆர் இருக்கு ப்ரோ, டிரெய்லர் நம்பரும் அதுல இருக்கு. டேங்க்கை லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்லிட்டேன். அண்ணே, கம்பெனி முடியாதுன்னா அடுத்து என்ன பண்றது? 19,000க்கு ஒத்துக்கிறேன்னு வவுச்சர்ல கையெழுத்து போடுங்கன்னு போன் மேல போன்.

பழைய_கிளைம்_ஆள்:
இப்ப போடாதீங்க, போன்ல எதையும் ஒத்துக்காதீங்க, எல்லாம் மெயில்ல. சர்வே ரிப்போர்ட் காப்பி கேளுங்க, அது உங்க உரிமை. கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாசம் பதில் இல்லன்னாலோ மறுத்தாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட (இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிறவரு) போங்க, அண்ணா சாலையில தேனாம்பேட்டைல இருக்கு, ஃபீஸும் கிடையாது வக்கீலும் வேணாம். பாலிசி, பழைய எஸ்டிமேட், டேங்க்கை எடுத்த புது எஸ்டிமேட், மெயில் எல்லாம் ஒரு ஃபைல்ல வச்சுக்கோங்க. அடுத்த ரினியூவலுக்கு போட்டோ குடுத்து, வண்டியை நேர்ல வந்து பாக்கச் சொல்லி ஐடிவியை ஏத்திக்குங்க, பிரீமியம் கொஞ்சம் கூடும், பரவால்ல.