இடுப்பெலும்பை எடுத்த இடத்தில் என்ன வைப்பது: எங்கள் அனுபவம்

என் கணவருக்கு 52 வயதில் வலது இடுப்பில் வலி தொடங்கியது. ஓய்வெடுத்தாலும், இரவில் படுத்திருந்தாலும் வலி தணியாததால் எடுக்கப்பட்ட எம்.ஆர்.ஐ. படத்தில், தொடை எலும்பின் தலை பொருந்தியிருக்கும் கிண்ணக்குழியைச் சுற்றிக் கட்டி வளர்ந்திருப்பது தெரிந்தது. திசுப் பரிசோதனையில் அது கான்ட்ரோசார்கோமா, அதாவது குருத்தெலும்பு செல்களில் உண்டாகும் புற்றுநோய் என்று உறுதியாயிற்று.

அந்தப் பயாப்ஸியை, பின்னர் அறுவை சிகிச்சை செய்த குழுவே எடுத்தது. ஊசி சென்ற பாதையிலும் புற்றுச் செல்கள் தங்கக்கூடும் என்பதால், கட்டியோடு அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். பொருந்தாத இடத்தில் ஊசி குத்தப்பட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய தசையையும் இழக்க நேரிடும். இப்போதுதான் நோய் கண்டறியப்படும் குடும்பங்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இந்த வகைப் புற்றுநோய் கீமோதெரபிக்கும் கதிர்வீச்சுக்கும் பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. சுற்றிலும் நல்ல திசுவோடு முழுமையாக வெட்டி எடுப்பதே வழி. இடுப்பெலும்பில் எந்தப் பகுதி எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து, 1978இல் என்னெக்கிங், டன்ஹம் என்ற இருவர் வகுத்த பிரிவுகளையே மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மேலே விரிந்த எலும்பு முதல் வகை, மூட்டுக் கிண்ணம் இரண்டாம் வகை, முன்னும் கீழுமாக உள்ள எலும்புகள் மூன்றாம் வகை. என் கணவருக்கு இரண்டும் மூன்றும் சேர்ந்திருந்தன. காலுக்குச் செல்லும் பெரிய நரம்பும் இரத்தக் குழாய்களும் கட்டியில் சிக்காததால் காலைக் காப்பாற்ற முடியும் என்றார் மருத்துவர்.

எடுத்த இடத்தில் உலோகக் கிண்ணம் வைப்பார்கள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். மருத்துவரோ உலோகம் எதையும் வைக்காமல், தொடை எலும்பின் தலையை மேலே நகர்த்தி, எஞ்சியிருக்கும் இடுப்பெலும்போடு வலைத்துணிக் குழாய் ஒன்றால் பிணைக்கும் முறையைப் பரிந்துரைத்தார். ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகர மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை இது. "எலும்பே இல்லாமல் என் பிள்ளை எப்படி நிற்பான், டாக்டர்?" என்று மாமியார் கேட்டார். "இவ்வளவு பெரிய வெற்றிடத்தில் பெரிய உலோகத்தை வைத்தால் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு அதிகம், அம்மா. தொற்று ஆழமாகப் பரவினால் உலோகத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும், சில சமயம் காலையும் இழக்க நேரும். கால் குட்டையானாலும் பரவாயில்லை என்றால், இது நீடித்து நிற்கும்" என்று அவர் பொறுமையாக விளக்கினார். அந்த விளக்கமே எங்கள் முடிவைத் தீர்மானித்தது. எது வைக்கப்படும் என்பதோடு, அது கெட்டால் அடுத்து என்ன செய்வார்கள் என்பதையும் ஒவ்வொரு குடும்பமும் கேட்டறிய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அறுவை சிகிச்சை காலையில் தொடங்கி இரவு வரை நீடித்தது. இரத்த இழப்பு மிகுதியாக இருக்கும் என்று முன்பே கூறியிருந்ததால், கணவருடன் பணிபுரிவோர் பலர் வந்து இரத்தம் கொடுத்தார்கள். அவர்களுக்கு என்றும் நன்றியுடையவளாக இருப்பேன். எலும்பை மென்மையாக்கிய பிறகே ஆய்வு செய்ய முடியும் என்பதால், விளிம்புகளில் புற்று எஞ்சவில்லை என்ற அறிக்கை தாமதமாகவே வந்தது. அந்தக் காத்திருப்பு அறுவை நாளைவிடக் கொடியதாக இருந்தது.

தழும்புத் திசு வளர்ந்து எலும்பைப் பிடித்துக்கொள்ளும் வரை பல வாரங்கள் படுக்கையில் இருந்தார். பிறகு வாக்கர், அதன்பின் ஊன்றுகோல். வலது கால் குட்டையானதால் செருப்பின் அடியில் உயரம் கூட்டியிருக்கிறோம். சம்மணமிட்டு அமர முடியாது. வீட்டுக் கழிப்பறையை மேற்கத்திய முறைக்கு மாற்றினோம். ஆனால் கைத்தடியுடன் தாமாகவே கடைத்தெருவுக்குச் சென்று வருகிறார், மாடிப்படியும் ஏறுகிறார். இந்நோய் நுரையீரலுக்குப் பரவக்கூடியது என்பதால் மார்பு சி.டி. ஸ்கேன் குறித்த காலத்தில் தவறாமல் எடுக்கிறோம்.

இதே முறைதான் எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் கூறவில்லை. அதே வார்டில் இருந்த, யூயிங் சார்கோமா என்ற வேறொரு வகை எலும்புப் புற்றுநோய் கண்ட ஒரு சிறுவனுக்கு, முதலில் கீமோதெரபி கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, எலும்பை வெளியே எடுத்து, ஒரே தவணையில் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு செலுத்திப் புற்றுச் செல்களை அழித்து, அந்த எலும்பையே மீண்டும் பொருத்தினார்கள். நோயின் வகை, வயது, எஞ்சும் எலும்பின் அளவு ஆகிய மூன்றையும் வைத்தே அவனுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததாக அவனுடைய தந்தை என்னிடம் சொன்னார்.